நவாஸ் சரியாகச் சொன்ன ஆறு பதில்கள்

ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் பிள்ளை போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுவதற்கு என்னுடைய பட்டியல்களைத் தர முடியுமா என்று கேட்டாள். தட்டச்சில் அடித்து, பிரதியெடுத்து, விளையாட்டு அணி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம். முழங்காலுக்குக் கட்டுப் போடும் முறை, தோள் மூட்டுக்கான பயிற்சி, தசை பிடித்தால் செய்யவேண்டியவை என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். தலையில் அடிபட்டவனிடம் கேட்கும் ஆறு கேள்விகளை மட்டும் கொடுக்கவில்லை.

"அதுதானே அக்கா முக்கியம்" என்றாள்.

முக்கியம் என்றபடியால்தான் அதை வெறும் பட்டியலாகத் தர விருப்பமில்லை, விளக்கமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இது அந்த விளக்கம்.

எனக்கு முப்பத்துநான்கு வயது. இந்த வயதில் ஓய்வுபெற்றவள் என்றால் ஆட்கள் சிரிக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைத் தூக்கி நிமிர்த்தி என் முதுகெலும்பில் இரண்டு இடம் விலகிவிட்டது. மருத்துவச் சபையின் முன்னால் மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாம் தடவை, இனி இந்த வேலை உங்களுக்கு ஏலாது என்று எழுதித் தந்தார்கள். அழுகை வருமென்று நினைத்துக்கொண்டு போனேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து நித்திரை கொண்டேன்.

கொழும்பில் பிசியோதெரபி படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்பு, தசை, நரம்பு என்று பெயர்கள், பிறகு வார்டு, பிறகு சோதனை. எதையும் இலக்கம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனதில் நிற்கும். என் கொப்பிகளைப் பார்த்துக் கூடப் படித்தவர்கள் "இவள் காதல் கடிதம் எழுதினாலும் ஒன்று, இரண்டு எண்டுதான் எழுதுவாள்" என்பார்கள். தலையடி பற்றி ஒரு விரிவுரையாளர் நடத்திய பாடத்திலிருந்துதான் அந்த ஆறு கேள்விகளையும் எடுத்துத் தமிழில் எழுதி வைத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் திருகோணமலைக்கு வேலைக்கு வந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி இருந்தது. இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை, கடைசல், மோட்டார் திருத்துதல் படிக்கும் இளைஞர்கள். அந்தக் கல்லூரி ஒரு றக்பி அணியைத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமைகளில் காயம் பார்க்க ஆள் வேண்டுமென்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்தது. வேறு யாரும் போக விரும்பவில்லை. பொம்பிளைப்பிள்ளை போகக்கூடாது என்று என் அம்மாவும் சொன்னார். நான் போனேன்.

எங்கள் ஊருக்கு உதைபந்து தெரியும், கரப்பந்து தெரியும். றக்பி தெரியாது. பதினைந்து பேர் முட்டை வடிவான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மற்றப் பதினைந்து பேர் அவர்களை இடுப்பிலும் காலிலும் கட்டிப் பிடித்து விழுத்துவார்கள். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் புள்ளி. இவ்வளவுதான் நானும் முதலில் விளங்கிக்கொண்டேன். பார்க்க வந்த சனத்துக்கு அதுவும் விளங்கவில்லை. வேலிக்கு வெளியே சைக்கிளில் காலூன்றி நின்று பகிடி பண்ணுவார்கள்.

"கோழி இட்ட பந்து போல கிடக்கு."

"கட்டிப் பிடிச்சுச் சண்டை பிடிக்கிறதுக்கு விசில் என்னத்துக்கடா?"

"அது நாயம் தீர்க்க."

மைதானம் கடற்கரைப் பக்கம், ஒரு தலைப்பில் பழைய கோட்டை, மற்றத் தலைப்பில் பட்டினம். விளையாட்டுக்கு முன்னால், ஊருக்குள் திரியும் மான்களின் புழுக்கையைக் கூட்டி அள்ளவேண்டும். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் வாயெல்லாம் மண். என்னுடைய பையில் இருந்தவை: பஞ்சு, நாலு அகலத்தில் கட்டுத்துணி, கத்தரிக்கோல், அயடின், சிறிய டோர்ச், நிறுத்தற் கடிகாரம், ஒரு கொப்பி. ஐஸ் மட்டும் மீன் சந்தையடியிலிருந்து சாக்கில் வரும். அதை வீங்கின கணுக்காலில் வைத்தால் அன்றைக்கு முழுவதும் அந்தப் பொடியன் மீன் மணப்பான். "மிஸ், வீட்டுப் பூனை என்னை விடுகுதில்லை" என்று திங்கட்கிழமை வந்து முறைப்பாடு சொல்வார்கள்.

பயிற்றுனர் பீற்றர் மாஸ்டர். கல்லூரியில் லேத் என்கிற கடைசல் இயந்திரம் படிப்பித்தவர். இளமையில் கடற்படைத் தளத்தின் பட்டறையில் வேலை செய்தபோது வெள்ளைக்கார மாலுமிகளோடு சேர்ந்து இந்த விளையாட்டைப் பழகியிருந்தார். உயரமான, மெலிந்த மனிதர். மைதானத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒருவன் பிழை விட்டால் அவனைக் கிட்டக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் இரண்டு சொல் சொல்வார். ஆட்டம் முடிந்ததும் பந்தைத் தானே துடைத்து, தையலில் எண்ணெய் பூசி, துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார். வேறு யாரும் அதைத் தொட விடமாட்டார்.

முதல் நாளே என்னிடம் முறையைச் சொல்லிவிட்டார். "மிஸ், ஒருத்தன் விழுந்தா நான் உள்ளுக்கு வரமாட்டன். நீங்கள் போவியள். பாத்திட்டு வந்து எனக்கு ஒரு சொல் சொல்லவேணும். ஓம் அல்லது இல்லை."

"சில நேரம் உடனே சொல்ல ஏலாது, மாஸ்டர். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவேணும்."

"லேத்துக்குப் பக்கத்தில நிக்கிறவனுக்கு 'பாப்பம்' எண்டு சொல்லேலாது, மிஸ். மெசின் ஓடுது, இல்லாட்டி நிக்குது."

எனக்கு அது பிடித்திருந்தது. நானும் அந்த மாதிரி ஆள்தான்.

அவர் சொன்னபடி நடந்தும் காட்டினார். மூன்றாவது போட்டி விமானப்படை அணியோடு, சீனன்குடாவில். எங்கள் அணியில் மிகப் பாரமானவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். காறை எலும்பில் விரல் வைத்தேன், மெல்லிய வெடிப்பு மாதிரித் தெரிந்தது. அப்போது நாங்கள் முன்னுக்கு நின்றோம். எங்கள் போட்டிகளில் காயப்பட்டவனுக்குப் பதிலாக வேறு ஆள் இறக்க முடியாது. ஒருவன் வெளியே வந்தால் மிச்சம் பதினான்கு பேர்தான். அவன் கெஞ்சினான். கப்டன் ஜெயந்தன் ஓடி வந்து, "மிஸ், பத்து நிமிசம்தானே, கட்டிவிடுங்கோவன்" என்றான்.

மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டார். "மிஸ், ஆள் சரியோ?"

"இல்லை."

"வெளியில வா, தம்பி."

தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. திங்கட்கிழமை எக்ஸ்ரேயில் வெடிப்பு இருந்தது. அதையும் அவர் கேட்கவில்லை. ஒரு மேலதிகாரி இவ்வளவு முழுசாக நம்பினால் அது சுகமாக இருக்கும் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிந்து வீட்டுக்கு வரும்போது என் கழுத்து இறுகியிருக்கும்.

இனி அந்தக் கேள்விகள். ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால் இப்படிக் கேட்பேன்: ஒன்று, இண்டைக்கு என்ன நாள். இரண்டு, இது எந்த மைதானம். மூன்று, ஆரோடு விளையாடுகிறோம். நான்கு, இது முதல் பாதியா இரண்டாம் பாதியா. ஐந்து, புள்ளி எத்தனைக்கு எத்தனை. ஆறு, மாதங்களை மார்கழியிலிருந்து பின்பக்கமாகச் சொல்லவேண்டும். டோர்ச் அடித்துக் கண்மணி இரண்டும் ஒரே அளவா என்றும் பார்ப்பேன். கண்ணும் சரி, ஆறு பதிலும் சரியென்றால் "ஓம்". ஒன்று பிழைத்தாலும் "இல்லை".

இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி, உடை மாற்றும் கொட்டிலில் ஒட்டி வைத்தேன். வீரர்களும் தெரிந்திருந்தால் கூட விளையாடுகிறவனைத் தாங்களே கவனிப்பார்கள் என்று எண்ணினேன். அவர்களோ கவனித்ததை விட அதிகமாக ஒன்று செய்தார்கள். பாடமாக்கினார்கள்.

அது பகிடியாகத்தான் தொடங்கியது. ஐந்தாவது போட்டிக்குக் கண்டிப் பக்கம் போகும் வழியில், பஸ்ஸின் பின் இருக்கையில் எழும்பி நின்று ஜெயந்தன் என்னைப் போலக் குரலை மெல்லிதாக்கிக் கேட்டான்.

"தம்பிமார், இண்டைக்கு என்ன நாள்?"

"சனி, மிஸ்" என்றார்கள் எல்லோரும் சேர்ந்து.

"எந்த மைதானம்?"

"அடி வாங்கப் போற மைதானம்."

"ஒழுங்காச் சொல்லும். பிறகு வெளியில விட்டிடுவன்."

ஒழுங்காகச் சொன்னார்கள். மாதங்கள் வந்தபோது பாட்டாகவே பாடினார்கள். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி என்று தொடங்கித் தை மட்டும், கதிரைச் சட்டத்தில் தாளம் தட்டி. எல்லோரிலும் வேகமாகச் சொன்னவன் நவாஸ். கிண்ணியாப் பொடியன், ஒட்டுவேலை படித்தவன், அணியில் கடைசி ஆளாகப் பின்னுக்கு நின்று பந்து பிடிப்பவன். ஒரே மூச்சில் பன்னிரண்டையும் சொல்லிவிட்டு, "மிஸ், நான் பாஸா?" என்று கேட்டான்.

"பாஸ்" என்றேன். சிரித்தேன். மாஸ்டர்கூடச் சிரித்தார். நான் எழுதிய ஒன்றைப் பதினைந்து பேர் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு போட்டிகளுக்கு முன்னும் அதைச் செய்தார்கள். அன்றைய நாள், அன்றைய மைதானம், அன்றைய எதிரணி எல்லாம் போட்டு. நான் அதை நிற்பாட்டவில்லை.

ஏழாவது போட்டி கடைசிப் போட்டி. எங்கள் மைதானத்தில், மலைநாட்டிலிருந்து வந்த ஒரு கல்லூரியோடு. அன்றைக்கு வேலியோரம் நிழலில் கதிரை போட்டு ஒருவர் இருந்தார். சீனன்குடாவில் எண்ணெய் சேர்த்து வைக்கும் தாங்கிகளில் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி. இரண்டு பேர் தேவை என்றும், உயரத்தில் ஏறப் பயப்படாத, உடம்பு தெம்பான பொடியன்களைப் பார்த்து எடுக்க வருகிறேன் என்றும் மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். அது அணி முழுவதற்கும் தெரியும். நவாஸுக்கு அந்த வேலை கட்டாயம் தேவையாக இருந்தது. அவன் வாப்பா நோயில் விழுந்து கடலுக்குப் போகாமல் விட்டு ஒரு வருடம். இரண்டு தங்கச்சிமார். முன்னர் இரண்டு தடவை அதே இடத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பதில் வரவில்லை.

முதல் பாதியில் நவாஸ் நல்லாய் விளையாடினான். உயர வந்த பந்து ஒன்றையும் தவற விடவில்லை. அதிகாரி ஒருமுறை கதிரையிலிருந்து எழும்பி நின்று பார்த்ததை நானே கண்டேன். பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, ஓடி வந்த ஒருவனைக் காலில் பிடித்து விழுத்தினான். அப்போது அவனுடைய முழங்கால் நவாஸின் இடது கன்னப்பொறியில் பட்டது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நவாஸ் தானாகவே எழும்பினான். விசில் ஊதினதும் மற்றவர்களோடு சேர்ந்து தண்ணீர் வாளியடிக்கு நடந்து வந்தான். நேராகத்தான் நடந்தான்.

இருக்கச் சொன்னேன். இருந்தான். டோர்ச் அடித்தேன். கண்மணி இரண்டும் ஒரே அளவு, இரண்டும் சுருங்கின.

"மிஸ், பாதை போயிட்டுதா?" என்று கேட்டான்.

பாதை என்பது கிண்ணியாத் துறையைக் கடக்கிற மிதவை. அப்போது பின்னேரம் நாலு மணி; பாதை இருட்டும் வரை ஓடும்.

"இல்லை, இன்னும் நேரம் இருக்கு" என்றேன். ஜெயந்தன் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் கொப்பியைத் திறந்தேன்.

"இண்டைக்கு என்ன நாள்?"

"சனி."

எந்த மைதானம் என்றேன், சொன்னான். யாரோடு என்றேன், சொன்னான். முதல் பாதி முடிஞ்சுது என்றான். ஒன்பதுக்கு ஆறு, நாங்கள் முன்னுக்கு என்றான். மாதங்களை மார்கழியிலிருந்து தை வரை, பஸ்ஸில் சொன்ன அதே வேகத்தில், ஒரே மூச்சில் சொன்னான். ஆறு கேள்விக்கும் நேராகச் சரி அடையாளம் போட்டேன். ஒரு இடத்திலும் அவன் யோசிக்கவில்லை. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். யோசித்துப் பதில் சொல்கிறவன்தான் எங்கேயாவது தடக்குவான் என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

கொப்பியை மூடும்போது அவன் திரும்பக் கேட்டான். "மிஸ், பாதை போயிட்டுதா?"

அதே சொல், அதே குரல். "இல்லை தம்பி, நேரம் இருக்கு எண்டு சொன்னன்தானே" என்றேன். அந்தக் கேள்விக்கு என் பட்டியலில் இலக்கம் இல்லை.

மாஸ்டர் கேட்டார். "மிஸ், ஆள் சரியோ?"

"ஓம்."

பாதி நேரத்துக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாறி நிற்கும். முதல் பாதியில் கோட்டைப் பக்கம் ஓடிய எங்கள் பொடியன்கள் இப்போது பட்டினப் பக்கம் ஓடவேண்டும். நவாஸ் சரியான இடத்தில்தான் போய் நின்றான்; இல்லை, ஜெயந்தன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டானென்று பிறகு அறிந்தேன். ஐந்து நிமிடம் அவனிடம் பந்து வரவில்லை. பிறகு உயரமாக ஒன்று வந்தது. முன்னுக்கு நாலடி ஓடி, அழகாகப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே திரும்பி, கோட்டைப் பக்கம் ஓடத் தொடங்கினான்.

அந்தப் பக்கம் எங்களுடைய கோடு. அவனுக்கு முன்னால் ஒருவருமில்லை. அவன் முழுப் பலத்தோடு ஓடினான். விளையாட்டு விளங்காத சனத்துக்கு அது பெரிய காட்சி. எங்கள் பொடியன் தனியாகப் பந்தோடு பறக்கிறான். சைக்கிள் மணி அடித்தார்கள், கை தட்டினார்கள், "விடாதே, ஓடு" என்று கத்தினார்கள். நான் எழும்பினேன். மாஸ்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

ஜெயந்தன் பின்னால் துரத்தினான். "நவாஸ், திரும்படா, மச்சான், திரும்பு" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். அவன் திரும்பவில்லை. கோட்டுக்குக் கிட்ட, வேறு வழி தெரியாமல், ஜெயந்தன் பாய்ந்து அவனை இடுப்பில் பிடித்து விழுத்தினான். நவாஸின் தலை பின்பக்கமாக நிலத்தில் அடித்தது.

வேலிக்கு வெளியே சிரிப்பு. "தங்கட ஆளையே விழுத்துறாங்கள், பாத்தியா."

நான் போய்ச் சேர்ந்தபோது ஜெயந்தன் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, "மச்சான், மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நவாஸ் கண் திறந்திருந்தான். வாயால் சத்தி எடுத்தான். கழுத்தை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்தேன். கொட்டிலின் கதவைக் கழற்றி அதில் கிடத்தி, கல்லூரி லொறியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் தலையை என் கைகளுக்குள் வைத்திருந்தேன். வழியில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று இரவு வார்டுக்கு வெளியே மர வாங்கில் ஜெயந்தன் இருந்தான். உடுப்பு மாற்றவில்லை.

"புள்ளி எத்தனை எண்டதை ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"நான்தான். தண்ணி ஊத்தேக்க காதுக்குள்ள சொன்னனான்."

"மிச்சம்?"

"மிச்சம் எல்லாருக்கும் பாடம்தானே, மிஸ். பஸ்ஸில சொல்லேக்க நீங்களும் கேட்டனீங்கள்தானே."

ஓம், கேட்டேன். அவனில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சினேகிதனுடைய வேலை போகக்கூடாது என்று அவன் செய்தது அது. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவனுடைய மூளை தெளிவாக இருக்கிறதா என்று நான் அளந்திருக்கிறேன்.

மாஸ்டர் வந்து வாங்கின் மற்றத் தொங்கலில் இருந்தார். பிழை என்னுடையது என்று சொன்னேன்.

"நீங்கள் ஓம் எண்டனீங்கள். நான் அவன்ர முகத்தை ஒருக்கா வந்து பாக்கேல்ல. அது என்ர பிழை. அதோட விடுங்கோ."

அதோடு விடத்தான் விட்டார்கள். கல்லூரி அதிபர் கேட்ட அறிக்கையில் மாஸ்டர் தன் பெயரை மட்டும் எழுதினார். என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. கல்லூரி றக்பியை நிறுத்திவிட்டது. மாஸ்டர் பட்டறைக்குப் போவதும் வருவதுமாக இருந்து, அடுத்த வருடம் இடமாற்றம் கேட்டுப் போனார். என்னைக் கூப்பிட்டு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நவாஸ் கண்டிக்கும் போய், மொத்தம் ஐந்து வாரம் ஆஸ்பத்திரிகளில் கிடந்து வீட்டுக்கு வந்தான். கதை தெளிவு. ஞாபகம் வந்துவிட்டது, அந்தப் பின்னேரம் மட்டும் இல்லை. ஆனால் கண்ணை மூடினாலோ தலையைச் சட்டென்று திருப்பினாலோ சமநிலை போய்விடும். நடந்துகொண்டிருப்பவன் சுவரைப் பிடிப்பான். அதிகாரி நல்ல மனிதர். ஆறு மாதம் இடத்தை வைத்திருக்கிறேன், சிகிச்சை செய்கிறவர் படிவத்தில் தகுதி என்று கையெழுத்து வைத்தால் போதும் என்று சொல்லியனுப்பினார். சிகிச்சை செய்கிறவர் நான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பாதையில் கிண்ணியாவுக்குப் போனேன். எட்டுப் பயிற்சிகள் எழுதிக் கொடுத்தேன். ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலில் படும்படி கோட்டில் நடப்பது, கண்ணை மூடி இருபது எண்ணுவது, இப்படி எட்டு. அவன் உம்மா அந்தத் தாளைக் கண்ணாடி அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்திருந்தார். நான் போகும் ஒவ்வொரு தடவையும், "மகள், முதல்ல தேத்தண்ணிய குடிங்க. அவன் எங்கயும் ஓடமாட்டான்" என்பார். சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்காகத் தானே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நவாஸ் ஒரு நாளைக்கு மூன்று வேளை பயிற்சி செய்தான். முதல் மாதம் ஒற்றைக் காலில் நாலு செக்கன். மூன்றாம் மாதம் பதினைந்து. ஐந்தாம் மாதம் நான் கடிகாரத்தை நிற்பாட்டும் வரை நின்றான். ஆஸ்பத்திரியில் நாள் முழுவதும் ஆட்களைத் தூக்கிவிட்டு, சனிக்கிழமையும் வெயிலில் துறையடியில் நிற்கும்போது என் முதுகு வலிக்கத் தொடங்கியது அந்த மாதங்களில்தான்.

ஆறாம் மாதக் கடைசியில் படிவத்தோடு போனேன். முற்றத்தில் எட்டையும் செய்துகாட்டச் சொன்னேன். உம்மா கதவடியில் நின்றார், தங்கச்சிமார் ஜன்னலில். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு ஆட்டமில்லை. ஐந்தாவது முடிந்ததும் நான் ஆறாவதைச் சொல்ல வாய் திறந்தேன். அவன் அதற்கு முன்பே தொடங்கிவிட்டான். ஏழாவதும் அப்படியே. எட்டாவதும். பேனையைத் திறந்து வைத்திருந்தேன். திரும்ப மூடினேன்.

"என்ன மிஸ்?" என்றான்.

"கொஞ்சம் கடற்கரைக்கு வாரும்."

கரையில் இழுத்து வைத்த ஒரு வள்ளத்துக்கு ஏறுபலகை சாத்தியிருந்தது. ஒரு முழ அகலம், உச்சியில் என் இடுப்பளவு உயரம், கீழே மணல். ஏறச் சொன்னேன். ஏறினான். நடுவுக்கு வந்ததும் பின்னாலிருந்து, "நவாஸ்" என்று கூப்பிட்டேன். திரும்பினான். கைகளை விரித்து ஒருவாறு நின்றுகொண்டான்.

"மேலே அந்தப் பருந்தைப் பாரும்."

அண்ணாந்தான். பலகையிலிருந்து பக்கவாட்டில், கையைக்கூட ஊன்றாமல் விழுந்தான். தூக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினான். மணலிலேயே இருந்தான். எண்ணெய்த் தாங்கியின் ஏணி எவ்வளவு உயரம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

படிவத்தை முழங்காலில் வைத்து, உயரத்தில் வேலை செய்ய ஏலாதவர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவனிடமே கொடுத்தேன். வாசித்தான். முழங்கையில் ஒட்டின மணலைத் தட்டினான்.

"அண்டைக்கும் இப்பிடித் தெரியாததொண்டைக் கேட்டிருக்கலாமே, மிஸ்" என்றான். குரலில் கோபம் இருக்கவில்லை. ஒரு கணக்கு எங்கே பிழைத்தது என்று கண்டுபிடித்தவன் சொல்வது போலச் சொன்னான்.

"ஓம்" என்றேன்.

அவன் எழும்பி, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றான். "உம்மாவுக்கு நான் சொல்லுறன். நீங்க வீட்ட வராதீங்க" என்றான். படிவத்தை மடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல், மெல்ல மெல்ல வீட்டுப் பக்கம் நடந்தான்.